கல்லறைக் கதவும் கறுப்புக் கண்ணாடியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து வருவோர்க்கு இரண்டு காட்சிகள் தப்பாமல் கிட்டும். ஒன்று, கரிசல் காட்டை வளைத்து நிற்கும் சீமைக் கருவேலமும் அதன் நடுவே எங்கோ எழும் கரிமூட்டப் புகையும். மற்றொன்று, ஊர் விலக்குத்தோறும் தகரக் கூரையின் கீழ்ப் பளிச்சிட்டு மறையும் நீல வெளிச்சம். கண்மாய் நிறையாத ஆண்டுகளில் உழவு சுருங்கிவிடுகிறது. வெல்டிங் பட்டறைகள் மட்டும் சுருங்குவதில்லை. டிராக்டர் டிரெய்லரின் உடைந்த கொக்கி, தேய்ந்துபோன கலப்பைக் கொழு, தண்ணீர் வண்டியின் ஓட்டை, புதுவீட்டுக் கேட், விசைத்தறிக்கு வேண்டிய ஒரு சிறு கம்பி என ஏதேனும் ஒன்று அங்கே வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது.

சிறுவனாயிருந்தபோது அத்தகைய வெளிச்சத்தைக் கண்டால் என் தாய் என் தலையைப் பற்றி மறுபக்கம் திருப்பிவிடுவார். "அதைப் பார்த்தால் ராத்திரி தூங்கமாட்டாய்" என்பார். அது தாய்மார் வழக்கமாகக் கூறும் அச்சுறுத்தல்களில் ஒன்று என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஐம்பது வயதைக் கடந்த பின்னர், கல்லறைத் திருநாளுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை இரவில், அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என அறிந்தேன்.

எங்கள் பங்கிலே ஒரு பட்டறைக்காரர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரும்போடு இரும்பைச் சேர்த்தவர். ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகத்தை அவர் வாசித்தால், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வாசக நூலை என்னிடம் திருப்பித் தந்து, "சாமி, இனி வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்த்தால் நடு எழுத்து மறைந்துபோகிறது, ஓரம்தான் தெரிகிறது" என்றார். விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டுவிட்டதாக மருத்துவர்கள் கூறினார்களாம். வெல்டிங் வெளிச்சம் மட்டுமே காரணம் என்று அவர்கள் அறுதியிட்டுக் கூறவில்லை; வயதும் சர்க்கரையும் கூட இருந்தன. எனினும் அவர் தொழில் செய்த விதம் எனக்குத் தெரியும். நீண்ட வேலைக்குக் கைப்பிடியுள்ள கறுப்புக் கண்ணாடித் தடுப்பை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஆனால் இரும்புத் துண்டுகளை இடத்தில் நிறுத்துவதற்காகப் புள்ளி புள்ளியாக ஒட்டும்போது இரு கைகளும் தேவைப்படும். அப்போது தடுப்பு தரையில் கிடக்கும். ராடை இரும்பில் தொடுவதற்கு முன் கண்ணை இறுக மூடிக்கொள்வார், அவ்வளவுதான். ஒரு கணம் பிந்தி மூடினாலோ, ஒரு கணம் முந்தித் திறந்தாலோ கதை முடிந்தது. ஒரு நாளில் நூறு புள்ளிகள், முப்பது ஆண்டுகள். கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

பட்டறை மகனுடைய பொறுப்புக்கு வந்தது. தகப்பனைப் போலவே அவனும் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைப்பதை ஒரு நாள் கண்டேன். மனம் கேட்கவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு, மதுரைக்குச் சென்றிருந்தபோது, தானாகவே கறுக்கும் கண்ணாடி பொருத்திய தலைக்கவசம் ஒன்றை வாங்கி வந்தேன். சில ஆயிரம் ரூபாய்தான். இதை அணிந்தால் சாதாரண வேளையில் கண்ணாடி வழியே பொருள்கள் நன்றாகத் தெரியும். நெருப்பு பற்றிய கணமே கறுத்துவிடும். இரண்டு கைகளும் ஓய்ந்திருக்கும். பெட்டியிலிருந்து கவசத்தை மட்டும் எடுத்து, வண்ணத்தாள் சுற்றி, நள்ளிரவுப் பூசை முடிந்ததும் பலர் முன்னிலையில் அவனிடம் கொடுத்தேன். கைதட்டினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்?

பெட்டியை அலுவலக அறையில் வைத்துக்கொண்டேன். எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளைப் போட்டு வைக்க அது ஏற்றதாயிருந்தது. அடியில் மடித்துக் கிடந்த தாளை நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பத்து மாதங்கள் சென்றன. கல்லறைத் தோட்டத்து இரும்புக் கதவின் கீல் துருப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தது. கல்லறைத் திருநாளுக்கு முன் சரிசெய்துவிட வேண்டுமென்று அந்தத் தம்பியை அழைத்தேன். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணியளவில் இயந்திரத்தோடு வந்தான். கையாள் வரவில்லை. "நான் பிடித்துக்கொள்கிறேன், நீ ஒட்டு" என்று கதவின் ஒரு சிறகை நான் தூக்கிப் பிடித்தேன். உபதேசியாரின் பேத்தி, எட்டு வயதுச் சிறுமி, சற்றுத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தாள். பக்கத்துத் தூண்களுக்கு அன்று காலைதான் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

அவன் கவசத்தை இறக்கியபடியே இரும்பை உரசித் தேய்த்தான், அளந்தான், பேசினான், ஒட்டினான். எப்போது பேசுவான், எப்போது ஒட்டுவான் என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பொறி என் கண் முன்னே ஒரு முழத் தொலைவில் வெடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், திருப்பிய பக்கத்தில் வெள்ளைத் தூண் இருந்தது. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கண்ணில் சில பச்சைப் புள்ளிகள் மிதந்தன, அவையும் மறைந்தன. நிம்மதியாக இரவு உணவு உண்டேன்.

இரவு பதினொரு மணிக்கு விழித்துக்கொண்டேன். இரு கண்களிலும் கரிசல் காட்டுப் புழுதியை அள்ளித் திணித்தது போலிருந்தது. இமையைத் திறந்தால் எரிச்சல்; மூடினால் இமைக்கும் விழிக்கும் இடையே மணல் உராய்ந்தது. விளக்கைப் போட்டேன், ஊசியால் குத்தியது போலாயிற்று. கண்ணீர் தாரையாக வழிந்தது. பார்வையே போய்விடுமோ என்ற அச்சத்தோடு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். குருமடத்தில் தமஸ்கு சாலையைப் பற்றி எத்தனை விளக்கவுரைகள் படித்திருக்கிறேன்! பவுலடியாருக்கு மூன்று நாள் கண் தெரியவில்லை என்ற செய்தியில் இவ்வளவு நோவு இருந்திருக்கக்கூடும் என்று எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லவில்லை.

நள்ளிரவு கடந்து உபதேசியார் கதவைத் தட்டினார். "சாமி, பிள்ளை கண்ணைத் திறக்கமாட்டேன் என்று அழுகிறாள். என்னவென்று தெரியவில்லை" என்றார். என்னவென்று எனக்குத் தெரியும். அந்த ஒரு நொடியில் என் கண்ணெரிச்சல் எனக்குப் பொருட்டாகத் தோன்றவில்லை. ஈரத்துணியை மடித்து இருவரும் கண்மேல் போட்டுக்கொண்டோம். தாய்ப்பால் விடலாம் என்றார் ஒரு பாட்டி. உருளைக்கிழங்கை அரிந்து வைக்கலாம் என்றார் இன்னொருவர். எதையும் கண்ணுக்குள் விடவேண்டாமென்று தடுத்துவிட்டேன். ஞாயிறு காலைத் திருப்பலியில் நற்கருணை மன்றாட்டை மனப்பாடமாகச் சொன்னேன். மறையுரை இல்லை. மக்கள் நான் அழுவதாக எண்ணினர். சிலர் காரணம் கேட்கவும் தயங்கினர்.

பூசை முடிந்ததும் சிறுமியையும் அழைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் சென்றோம். ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கை அடித்துப் பார்த்தார். கருவிழியின் மேல்தோல் புள்ளி புள்ளியாக உரிந்திருக்கும் இடங்கள் அதில் பச்சையாக ஒளிருமாம். வெல்டிங் நெருப்பிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடுகிறது; சுட்டது அப்போது தெரியாது; பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே வலி தொடங்கும்; ஆகவேதான் பகலில் பட்டவன் இரவில் துடிக்கிறான். ஓரிரு நாளில் மேல்தோல் மீண்டும் வளர்ந்து ஆறிவிடும் என்று தேற்றினார். களிம்பும் வலி மாத்திரையும் தந்தார். பரிசோதனைக்காக அவர் விட்ட மரத்துப்போகும் சொட்டுமருந்தால் வலி ஒரு நொடியில் பறந்துவிட்டது. "அதையே ஒரு குப்பி கொடுங்களேன்" என்றேன். சிரித்துக்கொண்டே மறுத்தார். அதை வீட்டில் அடிக்கடி விட்டுக்கொண்டால் புண் ஆறாது. கருவிழியே கெட்டுவிடக்கூடும் என்றார். இரண்டாம் இரவு சிறுமி தூங்கினாள். நானும் தூங்கினேன்.

திங்கட்கிழமை மெழுகுதிரிப் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் கிடந்த தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தம்பி செய்தியை முன்பே அறிந்திருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டிலில் அமர்ந்திருந்த தகப்பனார்தான் பேசினார்.

"சாமி, கையில் தடுப்பைப் பிடித்து வேலை செய்தபோது, நான் அதை முகத்துக்குக் கொண்டுபோவதைப் பார்த்தே சுற்றி நிற்பவர்கள் திரும்பிக்கொள்வார்கள். கையாளுக்கு அதுதான் மணி. இவன் காலையில் தலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுகிறான். உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் தெரிகிறது. வெளியே இருப்பவனுக்கு இவன் எப்போது தீ வைப்பான் என்று எப்படித் தெரியும்?"

நான் வாங்கிய பரிசு ஒரு முகத்தைக் காத்தது. அந்த முகத்தைச் சுற்றியிருந்த பழைய எச்சரிக்கை ஒன்றை அழித்தும்விட்டது. இதை அந்தத் தாள்கூடச் சொல்லவில்லை. முப்பது ஆண்டு தீயோடு வாழ்ந்தவர் சொன்னார்.

வேப்பமரத்தடியில் அமர்ந்து தாளைப் படித்தோம். ஆங்கிலம்தான், எழுத்து எறும்பு போலிருந்தது. இலத்தீனில் தேர்வு எழுதியவன் நான். இருப்பினும் ஒவ்வொரு வரியையும் இருமுறை படிக்கவேண்டியிருந்தது. கண்ணாடியின் உள்ளே இருப்பது எங்கள் நெசவாளர்கள் எளிதில் புரிந்துகொள்ளக்கூடிய ஒன்று. பாவு நூல்போல நெடுக்காக ஓடும் ஒளியை மட்டும் விடுகின்ற ஒரு தகடு, ஊடைபோலக் குறுக்காக ஓடும் ஒளியை மட்டும் விடுகின்ற மற்றொரு தகடு, இரண்டுக்கும் நடுவே ஒளியைத் திருப்பிவிடும் திரவப் படிகம். மின்சாரம் அந்தப் படிகத்தின் நிலையை மாற்றும்போது ஒளிக்கு வழி அடைபட்டுக் கண்ணாடி கறுக்கிறது. முன்புறமுள்ள சிறு உணரிகள் நெருப்பைக் கண்டதும் இது நடக்கிறது. நல்ல கவசங்களில் ஒரு நொடியின் 25,000-இல் ஒரு பங்கில். கண்ணிமை மூடுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகும். இவற்றுக்கெல்லாம் முன்னால், புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் ஒரு பூச்சு எப்போதும் விழித்திருக்கிறது. பாட்டரி தீர்ந்தாலும், கண்ணாடி கறுக்கத் தவறினாலும் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தை அது தடுக்காது. சுவீடன் நாட்டில் ஓகே ஹோர்னெல் என்பவர் உருவாக்கிய இத்தகைய கவசம் 1981-இல் விற்பனைக்கு வந்தது. எங்கள் பட்டறைக்காரரின் கண்ணில் அது படுவதற்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

தம்பி மெதுவாகச் சொன்னான்: "அன்றைக்கு எனக்கும் ஒருமுறை பளீரென்று அடித்தது சாமி. கண்ணாடி கெட்டுவிட்டது என்று நினைத்தேன்." தாளில் விடை இருந்தது. இரும்பைத் தேய்க்கும்போது பொறியைக் கண்டு கறுத்துவிடாதிருக்க ஒரு திருகு உண்டு. அதைத் தேய்ப்பு நிலைக்குத் திருப்பிய அவன், ஒட்டும் நிலைக்கு மீட்காமலே ராடைத் தொட்டிருக்கிறான். அந்நிலையில் கண்ணாடி கறுக்கவே கறுக்காது. அன்று முதல், தேய்ப்பு முடிந்ததும் திருகைத் தொட்டுப் பார்க்காமல் அவன் ராடை எடுப்பதில்லை. தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, சோதித்தும் பார்க்கவேண்டும். சோதனைப் பொத்தான் உள்ள கவசமானால் அதை அழுத்தலாம்; இல்லையேல் உணர்திறனைக் கூட்டிவைத்து, சிகரெட் லைட்டரின் சுடரை உணரிகளின் முன் காட்டினால் கறுக்கவேண்டும். கறுக்காவிட்டால் அன்று அதை மாட்டலாகாது. இன்னொரு வேடிக்கை: கண்ணாடியின் மேல் ஒட்டி வந்த மெல்லிய காப்புத் தாளை அவன் பத்து மாதமாக உரிக்கவே இல்லை! "கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்" என்றான்.

கறுப்பின் அளவுக்கும் எண்கள் உண்டு. 9 முதல் 13 வரை திருகலாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறையின் அட்டவணைப்படி, ராடு வேலையில் 60 முதல் 160 ஆம்பியர் வரை குறைந்தது 8 வேண்டும், 10 நல்லது; 160 முதல் 250 வரை குறைந்தது 10, 12 நல்லது. கேட்டும் கிரில்லும் செய்யப் பயன்படும் 12 நம்பர், 10 நம்பர் ராடுகளுக்கு எண் 10 பொருந்தும். முதலில் அதிகக் கறுப்பில் தொடங்கி, உருகும் இரும்பு தெளிவாகத் தெரியும்வரை படிப்படியாகக் குறைக்கவேண்டும். குறைந்த அளவுக்குக் கீழே இறங்கலாகாது. நன்றாகத் தெரியவேண்டுமென்று முதலிலேயே குறைத்து வைத்துக்கொள்வதுதான் பலருடைய பழக்கம்.

எண் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2019 டிசம்பர் 26 அன்று, திண்டுக்கல் முதலிய இடங்களில் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணத்தைப் பார்க்கப் பலர் வெல்டிங் கண்ணாடியை இரவல் கேட்டு அலைந்தார்கள். சூரியனைப் பார்ப்பதற்கு 14-ஆம் எண் கண்ணாடி வேண்டும். பட்டறைகளில் கிடப்பது பெரும்பாலும் 10 அல்லது 11. தானாகக் கறுக்கும் கவசத்தை அதற்குப் பயன்படுத்த எண்ணவே கூடாது. அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. கொடுத்து உதவுங்கள் என்று நானே ஓரிருவருக்குச் சொல்லியிருப்பேன்.

எங்கள் வெயிலுக்கென்றே எழுதியது போன்ற வரிகளும் தாளில் இருந்தன. வேலை செய்யும்போது 55 டிகிரிக்கு மேல் சூடேறக்கூடாது. பங்குனி, சித்திரையில் டிரெய்லரின் மேல் கவசத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உண்ணப் போகும் வழக்கத்தை அன்றோடு விட்டான். திறந்த வெளியில் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால், பின்பக்கமாக நுழையும் வெளிச்சம் கண்ணாடியின் உட்புறத்தில் பட்டுக் கண்ணைக் கூசும். சற்றுத் திரும்பி நிற்கவேண்டும். உணர்திறனை மிகக் கூட்டினால் வெயிலுக்கே கறுத்துக்கொள்ளும். மிகக் குறைத்தால் சிறு நெருப்பைக் கவனியாது. குழாயோ கையோ உணரியை மறைத்தால் கண்ணாடி மினுக்கி மினுக்கித் திறக்கும். கரி படிந்தாலும் அப்படியே. மெல்லிய துணியால் துடைக்கவேண்டும்; பெட்ரோலும் தின்னரும் ஆகா. பொறி தெறித்துச் சொரசொரத்துப்போகும் வெளிக் காப்புத் தகட்டை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அதன் பின்னே உள்ள கண்ணாடியில் விரிசல் கண்டால் கவசத்தை ஒதுக்கிவிட வேண்டும். முன்புறம் சூரியத் தகடு இருந்தாலும் பல கவசங்களுக்குள்ளே வட்டமான பாட்டரியும் உண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மாற்றியாக வேண்டும். இப்போது ஊருக்குள் வரத் தொடங்கியிருக்கும் லேசர் வெல்டிங்கிற்கு இந்தக் கவசம் உதவவே உதவாது; அதற்கென்றே தனிக் கண்ணாடி வேண்டும்.

வாங்கும்போது நான் கவனிக்காதது ஒன்று: இ.என். 379, ஆன்சி இசட் 87.1 போன்ற தரக்குறிகள் கண்ணாடியிலோ கவசத்திலோ பொறித்திருக்கிறதா என்பது. கறுப்பாயிருப்பதெல்லாம் புற ஊதாவைத் தடுக்கும் என்பதில்லை. வெறுங்கண்ணால் பார்த்து அதை அறியவும் முடியாது. நல்லவேளையாக நான் வாங்கியதில் குறி இருந்தது. என் அறிவினால் அன்று.

கவசம் புகையைத் தடுக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன். துத்தநாகம் பூசிய குழாயை ஒட்டிய இரவில் குளிர்காய்ச்சல் வருவதைப் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். வெல்டிங் புகையையும் அந்த நெருப்பின் புற ஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று, உலகச் சுகாதார அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வகைப்படுத்தியது. காற்று வரும் பக்கம் நின்று, தலையைப் புகைக்கு வெளியே வைத்துக்கொள்வதற்கு எந்தச் செலவும் இல்லை.

படித்து முடித்ததும் தகப்பனார் கவசத்தைக் கேட்டு வாங்கினார். மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கண்ணாடி கறுக்காத வேளையில் உலகம் இளம்பச்சையாகத் தெரியும். மடியிலிருந்த தாளை எடுத்து அதன் வழியே நெடுநேரம் பார்த்தார். பிறகு கழற்றி மகனிடம் நீட்டினார்.

"நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இதிலும் நடுவில் அதே இருட்டுத்தான், சாமி."

மகன் எழுந்து பட்டறைக்குள் போனான். மூலையிலிருந்து தகப்பனாரின் பழைய கைத்தடுப்பைத் தேடி எடுத்துத் துடைத்து, வாசல் ஆணியில் மாட்டினான். கையாளுக்கும் பிடித்துக்கொள்பவருக்கும் இனி அது.

கதவின் மறு சிறகு மிச்சமிருந்தது. திருநாளுக்கு முந்திய நாள் வந்தான். இரண்டு பழைய தகரங்களைச் சிறுமி நிற்கும் பக்கமாகச் சாய்த்து மறைப்புக் கட்டினான். அவளை உபதேசியார் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். அவளும் இம்முறை அடம் பிடிக்கவில்லை. பழைய தடுப்பை என் கையில் கொடுத்தான். அதன் வழியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. தூணும் இல்லை, கல்லறைகளும் இல்லை, நான் பிடித்திருக்கும் கதவும் இல்லை.

"கண்ணு!" என்று இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. ஒரு சிறிய பச்சை விண்மீன் தோன்றி, மெல்ல நகர்ந்து, அணைந்தது. "கண்ணு!" என்றான் மறுபடியும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருமுறை சொன்னான். எண்ணினேன், பதினேழு.